நெக்கைப் பாருங்கள், எர்த்தைப் பாருங்கள், அப்புறம் பிக்கப் வாங்கலாம்

பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் தங்கள் வாத்தியம், ஆம்ப், அதில் செய்ய நினைக்கும் மாற்றங்கள் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். பழைய வடஆற்காடு பக்கத்திலிருந்து நிறையக் கடிதங்கள். கோயில் திருவிழாக் கச்சேரியும் சர்ச் பாடகர் குழுவும் இல்லாத ஊர் இந்தப் பக்கம் குறைவு, அதனால் பேஸ் வாசிப்பவர்களும் அதிகம். கடிதங்களைப் படித்தபோது ஒன்று தெரிந்தது. பெரும்பாலும் எல்லோரும் ஏதோ ஒன்றை வாங்கலாமா என்றுதான் கேட்கிறார்கள். கையில் இருக்கும் வாத்தியத்தை ஒரு முறை முழுசாகச் சரிசெய்து வாசித்துப் பார்த்தவர்கள் குறைவு. என் பதில்கள் எல்லாம் அங்கேயே வந்து நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருஷமாக மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன் அண்ணா. சித்திரை வந்தால் போதும், நெக் ஓரத்தில் ஃபிரெட் முனைகள் கையைக் கீறுகின்றன. இந்த வருஷம் முதல் நாலைந்து ஃபிரெட்டில் கம்பி கிர்ரென்று அடிக்கவும் செய்கிறது. நெக் போய்விட்டது, புதுசு போடு என்கிறார்கள். போடலாமா? (குடியாத்தம் வாசகர்)

போகவில்லை தம்பி, காய்ந்திருக்கிறது. உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி, அதாவது அக்னி நட்சத்திரத்தின் நட்டநடுவில். அந்தச் சமயத்தில் நம் பக்கம் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், காற்றில் ஈரமே இருக்காது. மரம் காய்ந்தால் நீளவாக்கில் பெரிதாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். பலகையில் குறுக்கே பதித்த ஃபிரெட் உலோகப் பட்டை, அது சுருங்காது. பலகை உள்ளே போக ஃபிரெட் முனை வெளியே நீட்டிக்கொள்ளும். அதுதான் உங்கள் கையைக் கீறுகிறது. இதற்கு மருந்து புது நெக் இல்லை, ஒரு மெல்லிய அரம். பலகையிலும் நெக்கின் முதுகிலும் டேப் ஒட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைச் சாய்வாகப் பிடித்து ராவிவிட வேண்டும். கையில் பொறுமை இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். இந்த வேலையை வெயில் காலத்திலேயே செய்துவிடுங்கள். மரம் நன்றாகச் சுருங்கியிருக்கும்போது ராவினால் அடுத்த வருஷம் மறுபடி நீட்டாது. ஐப்பசி மழையில் செய்தால் அடுத்த சித்திரையில் திரும்ப உட்கார வேண்டியிருக்கும்.

கிர்ரென்று அடிப்பது வேறு விஷயம். முதல் நாலைந்து ஃபிரெட்டில் மட்டும் அடித்தால் நெக் தேவைக்கு மேல் நேராகிவிட்டது, இல்லையென்றால் பின்பக்கம் வளைந்துவிட்டது என்று அர்த்தம். நெக் கொஞ்சம் முன்பக்கம் வளைந்திருக்க வேண்டும், அப்போதுதான் அதிர்கிற கம்பிக்கு இடம் கிடைக்கும். பார்ப்பது சுலபம். சரியாக ட்யூன் செய்துவிட்டு, தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது எட்டாவது ஃபிரெட் மேல் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.3 மில்லிமீட்டர், இருந்தால் போதும். கம்பி ஃபிரெட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்கிற இரும்புக் கம்பியின் நட்டை இடப்பக்கம் கால் சுற்று தளர்த்துங்கள். இடைவெளி அதிகமாக இருந்தால் வலப்பக்கம் கால் சுற்று. ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான், அதற்கு மேல் வேண்டாம். ட்யூன் செய்து, சில மணி நேரம் விட்டு, மறுபடி பாருங்கள். நட்டில் ஆடாமல் உட்காருகிற ஆலன் கீயை மட்டும் பயன்படுத்துங்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற கீயைப் போட்டுத் திருகி, நட்டின் உள்பக்கம் வழுவழுவென்று ஆகி, அப்புறம் நெக்கையே மாற்ற வேண்டி வந்த வாத்தியங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கச்சேரி வேனில், தகரக் கூரைக்கடியில், பகல் முழுக்க வாத்தியத்தை வைக்காதீர்கள். பலகை ரோஸ்வுட்டாக இருந்தால் வருஷத்துக்கு இரண்டு முறை ஃபிரெட்போர்டு எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு தடவித் துடையுங்கள். பளபளவென்று வார்னிஷ் அடித்த மேப்பிள் பலகைக்கு எண்ணெய் தேவையில்லை.

பழைய ஸ்டிரிங்கை வெந்நீரில் கொதிக்கவைத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறார்களே, உண்மையா? (வாணியம்பாடி வாசகர்)

உண்மைதான், ஆனால் சில நாளைக்கு மட்டும். தடித்த கம்பி சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் ஏறித்தான் சத்தம் மந்தமாகிறது, கொதிக்கவைத்தால் அது வெளியேறும். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் செய்யாதீர்கள், சுத்திகரித்த தண்ணீர் எடுங்கள், சமையல் பாத்திரம் வேண்டாம், ஈரம் துளிகூட இல்லாமல் காயவைத்த பிறகு மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவதில் கம்பி பலவீனமாகும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் அடியிலும் மேலுமாக ஒரு இழுப்பு இழுத்துத் துடைக்கிற பழக்கம் இருந்தால் கொதிக்கவைக்கும் வேலையே வராது.

சர்ச்சில் வாசிக்கிறேன் அண்ணா. இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் வகை பேஸ். ஆம்ப் போட்டதும் உம்மென்று ஓர் இரைச்சல், கம்பியைத் தொட்டால் குறைகிறது, முழுசாகப் போவதில்லை. ஜெபத்தின்போது எல்லோரும் அமைதியாக இருக்கையில் அது மட்டும் கேட்கிறது, கூச்சமாக இருக்கிறது. ஆக்டிவ் பிரீஆம்ப் போட்டால் போய்விடும் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார்கள். போடலாமா? (காட்பாடி வாசகி)

பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் சகோதரி. பிரீஆம்ப் என்பது பிக்கப்புக்கு, அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளுக்கு, அடுத்தபடியாக உட்காரும் சாமான். பிக்கப் இரைச்சலைப் பிடித்துக் கொடுத்தால் அதையும் சேர்த்துப் பெரிதாக்கி அனுப்பும். நீளமான கேபிளில் மேல் ஸ்தாயி மங்காமல் இருக்க அது உதவும், பேஸையும் ட்ரெபிளையும் கூட்டிக்குறைக்க உதவும். நீங்கள் சொல்லும் இரைச்சலுக்கு அது மருந்தில்லை.

இரைச்சலில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டுக்கும் வேறு வேறு வைத்தியம். முதலில் எது என்று கண்டுபிடியுங்கள். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது பேஸை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் அதிகமாகி இன்னொரு திசையில் குறைந்தால், அது காந்தப்புலம் வழியாகப் பிக்கப் சுருளுக்குள் வருகிற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர், பழைய டியூப் லைட்டின் சோக், பக்கத்தில் இருக்கும் மின்பலகை, இவையெல்லாம் கிளப்புவது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஈ என்கிற தடித்த கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டில் வரும் ஜி ஸ்வரம் சுமார் 49 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரத்தை நீட்டி வாசித்தால் இரைச்சலும் ஸ்வரமும் மோதி, நொடிக்கு ஒரு முறை அலையலையாக ஏறி இறங்குவது கேட்கும். ஜி ஸ்கேலில் பாட்டு வரும்போது உங்களுக்கு அதிகம் தொந்தரவாகத் தெரிந்திருக்குமே, காரணம் இதுதான்.

இந்த வகைக்குச் செலவில்லாத வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. பெரும்பாலான ஜாஸ் வகை பேஸில் இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, காந்தமும் எதிரெதிராக வைக்கப்பட்டிருக்கும். இரண்டு வால்யூமும் ஒரே அளவில் இருந்தால் ஒன்று பிடித்த இரைச்சலை இன்னொன்று அடித்துவிடும், கம்பியின் சத்தம் மட்டும் கூடும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தாலும் உம் திரும்ப வந்துவிடும். இரண்டையும் முழுசாகத் திறந்து வாசித்துப் பாருங்கள். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் 1957-லேயே பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்து வைத்தார்கள், அந்த இரண்டு துண்டும் இதே மாதிரி இரைச்சலை அடித்துக்கொள்ளும். ஒரே பிக்கப்பை மட்டும் வைத்துத்தான் வாசிப்பேன் என்றால், ஜாஸ் உறைக்குள்ளேயே இரண்டு சுருள் வைத்த பிக்கப் கிடைக்கிறது. அப்போது வேண்டுமானால் பிக்கப்புக்குச் செலவு செய்யலாம்.

சுற்றினாலும் மாறாமல், கம்பியைத் தொட்டால் மட்டும் குறைகிற, கொஞ்சம் கரகரப்பான இரைச்சல் இரண்டாவது வகை. இது மின்புலம் வழியாக வருவது, நம் உடம்பே ஆன்டெனா போல வேலை செய்கிறது. இதற்குச் செம்புத் தகடு டேப் நல்ல மருந்து. பிக்கப் பள்ளம், வால்யூம், டோன் திருகும் பாட் இருக்கும் பள்ளம், பிக்கார்ட் என்கிற முன்பக்கத் தகட்டின் அடிப்பக்கம் எல்லாம் ஒட்டி, துண்டுகள் ஒன்றையொன்று தொடும்படி பற்றவைத்து, எர்த்தோடு சேர்க்க வேண்டும். சிக்னல் முனை எதுவும் டேப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டால் சத்தமே வராது. அதற்கு முன்னால் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜிலும் இன்னொன்றைக் கேபிள் பின்னின் அடிப்பகுதி உலோகத்திலும் வையுங்கள். சுழியத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது. ஒரு சொட்டு ஈயத்தில் முடிகிற வேலை. ஆனால் செம்பு டேப்பை எவ்வளவு ஒட்டினாலும் முதல் வகை காந்தப்புல இரைச்சல் குறையாது, இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, ஒட்டிவிட்டு ஏமாறுகிறார்கள்.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆம்பை விட்டு இரண்டு அடி தள்ளி நில்லுங்கள், வால்யூம் இரண்டையும் திறங்கள், செம்பு டேப் ஒட்டுங்கள். ஜெப நேரத்தில் வால்யூமை மூடிவிடலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கல்லூரி மாணவன் நான். இளையராஜா பாடல்களில் வரும் அந்த உருண்டையான, கூடவே பாடுகிற பேஸ் சத்தம் எனக்கு வேண்டும். எந்தப் பிக்கப் வாங்குவது? (வேலூர், பாகாயம்)

தம்பி, அந்தப் பாடல்களில் பலவற்றில் பேஸ் வாசித்தவர் சசிதரன். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ். இருவரையும் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, பாடகரை மறந்துவிட்டு, பேஸை மட்டும் தொடர்ந்து ஒரு வாரம் கேளுங்கள். ஸ்வரம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதைவிட எங்கே நிறுத்தப்படுகிறது என்று கவனியுங்கள். உருண்டையாகக் கேட்பதில் பெரிய பங்கு அந்த நிறுத்தத்துக்கு உண்டு, அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

சரி, சாமான் பக்கமும் சொல்கிறேன். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டினால் சத்தம் இறுகும், நெக் பக்கம் போகப் போக உருளும். முதலில் கையை நகர்த்திப் பாருங்கள். அடுத்து, ஒரு துண்டு ஸ்பான்ஜை பிரிட்ஜ் ஓரத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள், கம்பியை லேசாகத் தொட்டால் போதும், தூக்கக் கூடாது. நீண்டு ஒலிப்பது குறைந்து, டும் டும்மென்று முழுசாக வரும். பிறகு ஃப்ளாட்வவுண்ட் கம்பி, அதாவது மேல்சுற்று தட்டையாக, வழவழப்பாக இருக்கும் கம்பி. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைக் கம்பெனியின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷன் பேஸில் ஃப்ளாட்வவுண்ட் மாட்டி, ஸ்பான்ஜ் வைத்து, வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பார்கள். கடைசியாக டோன் பாட்டில் இருக்கும் கெபாசிட்டர். 0.047 மைக்ரோஃபாரட் இருந்தால் 0.1 போட்டுப் பாருங்கள், டோனைக் குறைக்கும்போது இன்னும் அடர்த்தியாக இருட்டும், முழுசாகத் திறந்திருக்கும்போது வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. சில ரூபாய் சமாச்சாரம், பிடிக்காவிட்டால் பழையதையே திரும்ப வைக்கலாம். இவ்வளவும் செய்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் பிக்கப்பைப் பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள்.

ஐந்து கம்பி பேஸுக்கு மாறலாமா? (ராணிப்பேட்டை)

பாடகர்கள் சுருதியை இறக்கிக்கொண்டே போகிற மேடையில் வாசிப்பவர் என்றால் மாறுங்கள், கை ஒரே இடத்தில் இருக்கும், வசதி. ஆனால் கீழ் பி கம்பி சுமார் 31 ஹெர்ட்ஸ். வாடகைக்கு எடுக்கும் சின்ன ஸ்பீக்கர்களில் அதன் அடிநாதம் சரியாக வராது, மேலே வரும் துணை ஒலிகள்தான் கேட்கும். வாங்குவதற்கு முன் பி கம்பியைத் திறந்து மீட்டி, ஐந்தாவது ஃபிரெட்டில் வரும் ஈ ஸ்வரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தளர்ந்த கயிறு மாதிரி ஆடினால் அந்தப் பேஸ் வேண்டாம்.

ஷூ ஃபேக்டரியில் கட்டிங்கில் வேலை. என் பேஸ் மாட்டினால் தலைப்பக்கம் கீழே சாய்கிறது, இடது கை அதைத் தாங்கியே ஓய்ந்துபோகிறது. நல்ல தோல் துண்டு கிடைக்கும், நானே ஸ்ட்ராப் செய்துகொள்ளலாமா, எப்படித் தோல் எடுப்பது? (ஆம்பூர் வாசகர்)

இந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடித்தது. தோல் பதனிடும் ஊர்களின் நடுவில் இருந்துகொண்டு, பேஸ் வாசிப்பவர்கள் நைலான் பட்டையை மாட்டித் தோள் வலியோடு வீட்டுக்குப் போகிறார்களே என்று எனக்கு ரொம்ப நாளாக வருத்தம்.

நாலு கிலோ, நாலரைக் கிலோ எடையை ஒரு தோளில் இரண்டு மணி நேரம் சுமக்கிறோம். அதனால் அகலம் மூன்று அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். மாட்டுத் தோல், மூன்று மில்லிமீட்டர் கனம், இழுத்தால் நீளாத முதுகுப் பகுதித் தோலாகப் பாருங்கள். வயிற்றுப் பகுதித் தோல் நாளடைவில் தொங்கிவிடும். ஷூ மேல்பாகத்துக்கு வரும் மெல்லிய க்ரோம் தோல் தனியாகத் தாங்காது, இரண்டு அடுக்காக வைத்துத் தைக்க வேண்டியிருக்கும். ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட தோல் கிடைத்தால் விடாதீர்கள், விறைப்பாக நிற்கும், பழகப் பழகத் தோளுக்கு ஏற்ற மாதிரி வளையும்.

சாய்வதற்கு முக்கியமான மருந்து உள்பக்கம்தான். வழவழப்பான முகம் வெளியே, சொரசொரப்பான சதைப்பக்கம் சட்டையைப் பார்த்து இருக்கட்டும். அது துணியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், ஸ்ட்ராப் நழுவாது, தலைப்பக்கம் பாதிச் சாய்வு அதிலேயே நின்றுவிடும். சாயம் போட்ட தோலென்றால் ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள், வேலூர் வெயிலில் வியர்வையோடு வெள்ளைச் சட்டையில் இறங்கினால் போகாது. பட்டன் ஓட்டை, பட்டன் தலையைவிடச் சின்னதாக இருக்கட்டும், அதிலிருந்து ஒரு சின்னக் கீறல். கீறல் முடியும் இடத்தில் பொடி ஓட்டை ஒன்று குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தோல் அங்கிருந்து கிழியும், இது உங்களுக்கே தெரிந்திருக்கும். மாட்டிய பிறகு பட்டன் மேல் ஒரு ரப்பர் வாஷரை இழுத்து மாட்டினால் மேடையில் கழன்று விழாது, குழாய்க் கடையில் கிடைக்கும்.

அப்படியும் சாய்ந்தால், பேஸின் மேல்கொம்பு குட்டையாக இருக்கிறது என்று அர்த்தம். பட்டன் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேராக வந்தால் சமநிலை நன்றாக இருக்கும். தலையில் கம்பியை முறுக்கும் ட்யூனர்களை எடை குறைந்ததாக மாற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும், தலைப்பக்கம் குறைகிற ஐம்பது கிராம்கூடக் கை உணரும். பின்பக்கம் எடை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் சொல்லமாட்டேன், தோள் என்ன பாவம் செய்தது.

திருவிழாக் கச்சேரியில் பேஸ் மாட்டிக்கொண்டு கோரஸ் பாட மைக் பக்கம் போனேன், உதட்டில் சுரீரென்று ஷாக். எல்லோரும் சிரித்தார்கள், மைக்கில் பஞ்சு உறை மாட்டிக்கொள் என்றார்கள். அவ்வளவுதானா சார்? (ஆற்காடு வாசகர்)

அவ்வளவு இல்லை. சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. இதே ஷாக் எனக்கும் விழுந்திருக்கிறது, பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில், ஒரு ஆடி மாசம், லேசாகத் தூறிக்கொண்டிருந்த ராத்திரி. ஜெனரேட்டருக்கு எர்த்தே போடாமல் மேடைக்கு லைன் இழுத்திருந்தார்கள். கை கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, விட முடியவில்லை. கேபிள் பிய்ந்ததால் பிழைத்தேன்.

நடப்பது இதுதான். பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக, ஆம்பின் உலோக உடலோடு சேர்ந்திருக்கின்றன. மைக்கின் வலை மிக்சரின் உடலோடு சேர்ந்திருக்கிறது. ஆம்ப் ஒரு லைனிலும் மிக்சர் இன்னொரு லைனிலும் இருந்து, ஏதோ ஒன்றுக்கு எர்த் இல்லாமல் போனால், இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் நிற்கும். ஒரு கை கம்பியில், உதடு மைக்கில். நடுவில் நீங்கள்தான் வயர், பாதையில் நெஞ்சு இருக்கிறது. ஆம்பின் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாகக் கசிவது மட்டும் என்றால் சுரீரென்று கடித்துவிட்டு விடும், ஃபேஸ் வயர் நேராக உடலைத் தொட்டிருந்தால் விடாது. மேடையில் நின்றபடி எது என்று உங்களால் சொல்ல முடியாது.

அதனால் முதல் பாட்டுக்கு முன்னால், ஒவ்வொரு மேடையிலும், மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் இன்னொன்றை மைக் வலையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் சரி. பத்து, இருபது, நூறு என்று காட்டினால் எர்த் சரியாகும்வரை பேஸை மாட்டாதீர்கள், கமிட்டிக்காரர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. ஆம்பையும் மிக்சரையும் ஒரே இடத்திலிருந்து, எர்த் உள்ள மூன்று பின் போர்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இரைச்சல் போவதற்காக ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படி வெட்டிய ஆம்பைத் தொடவே தொடாதீர்கள். இரைச்சலுக்கு, பேஸை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது, அது சிக்னல் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. ஜெனரேட்டர் என்றால் தரையில் ராடு அடித்து ஈரப்படுத்தி எர்த் எடுக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று மேடைக்குப் போகும் லைனில் இருந்தால் கசிவு வந்ததும் நொடிக்குள் துண்டித்துவிடும், ஆனால் ஜெனரேட்டரில் நியூட்ரலும் எர்த்தும் முறையாக இணைந்திருந்தால்தான் அதை நம்பலாம், அந்த வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

பஞ்சு உறை மாட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காய்ந்திருக்கும்வரை உதட்டைக் காப்பாற்றும், எச்சிலில் நனைந்துவிட்டால் காப்பாற்றாது. பிரீஆம்ப் வாங்கச் சேர்த்து வைத்திருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், மீதியில் ஒரு வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர். கேபிள் இல்லாவிட்டால் கம்பிக்கும் ஆம்புக்கும் தொடர்பே இருக்காது. அடுத்த கச்சேரி எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அது வெளியூரில், மழை நாளில், ஜெனரேட்டரில் என்றால் அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.